மஸ்கட் கார்பெட்டும் இடது காதும்

தம்பி, தப்பா நினைச்சுக்காதீங்க. உங்க காதுக்குப் பின்னாடி கொஞ்சம் ஒட்டியிருக்கு. ம், அங்கதான். துடைக்காதீங்க, துடைக்காதீங்க. துடைச்சா பரவும். இப்ப மிளகு அளவுக்குத்தான் இருக்கு. கர்சீப்பைப் போட்டுத் தேய்ச்சீங்கன்னா கன்னம் வரைக்கும் வந்துடும். அப்படியே விட்டுட்டு, தலையை மட்டும் சீட்டுல சாய்க்காம வாங்க. கவர்மெண்ட் பஸ் சீட்டுதான், இருந்தாலும் அதுவும் ஒரு பொருள்தானே.

எப்படிக் கண்டுபிடிச்சேன்னு பாக்கறீங்களா? முப்பத்தஞ்சு வருஷம் டிரில் மாஸ்டரா இருந்தவன் தம்பி நான். திருச்சியில, உறையூர்ப் பக்கம் ஒரு ஹைஸ்கூல். ஐந்நூறு பையன்களை வெயில்ல நிக்க வச்சா, எவன் நகம் வெட்டல, எவன் பெல்ட் போடலன்னு மேடையிலிருந்தே சொல்லிடுவேன். பேரு மாசிலாமணி. பழனிக்குத்தான் போறேன். முன்னாடி கனகாம்பரம் வச்சுக்கிட்டு ஒரு அம்மா திரும்பித் திரும்பிப் பாக்கறாங்களே, அது என் சம்சாரம் செண்பகவல்லி. நடுவுல திண்டுக்கல்ல இறங்கி ஓடிடுவேனோன்னு பாக்கறா. ஓட வேண்டிய நிலைமைதான். சொல்றேன், கேளுங்க.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். நான் டை அடிக்கிற ஆளே இல்லை. அவசியத்துக்கு அடிக்கிறது வேற, டை அடிக்கிற ஆளா இருக்கிறது வேற. எனக்கு நாப்பத்திரண்டு வயசிலேர்ந்து அவசியம் இருந்துச்சு, அவ்வளவுதான். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு தடவை அடிச்சப்ப மூஞ்சி பணியாரம் மாதிரி உப்பிடுச்சு. டாக்டர் இனிமே தொடக்கூடாதுன்னுட்டார். செண்பகவல்லி வீட்டுல இருந்த கிண்ணம், பிரஷ் எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு, குலதெய்வத்து மேல சத்தியம் வேற வாங்கினா. ஒரே மாசத்துல தலை முழுக்கப் பஞ்சு.

அது போகட்டும்னு விட்டிருப்பேன் தம்பி. விட முடியாமப் பண்ணது என் பொண்ணு விஷயம்.

ஒரே பொண்ணு. தமயந்தி. கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழிச்சுப் பொறந்தவ. கண்ணாடிக் கடையில கண் டெஸ்ட் பண்ற வேலை. முப்பது வயசாச்சு, ஏழு இடம் வந்து ஏழும் தட்டிப்போச்சு. ஏழாவது இடம் எல்லாம் கூடி வந்த மாதிரிதான் இருந்துச்சு. அப்புறம் பேச்சு மூச்சு இல்லை. தரகரைப் புடிச்சு உலுக்கினேன். அவர் மென்னு முழுங்கிட்டுச் சொன்னார், பொண்ணோட அப்பா ரொம்பக் கிழவரா இருக்கார், நாளைக்கே ஒண்ணுன்னா மாப்பிள்ளை தலையிலதான் எல்லாம் விழும்னு அவங்க வீட்டுல பேசிக்கிட்டாங்களாம். அன்னிக்கு எனக்குச் சோறு இறங்கல. என் பொண்ணோட கல்யாணத்துக்கு என் தலையே குறுக்க நிக்குதுன்னா நான் என்ன தகப்பன், சொல்லுங்க.

அப்பத்தான் எட்டாவதா கரூர் இடம் வந்துச்சு. மாப்பிள்ளை பேரு முகுந்தன், அப்பா இல்லை, தாய்மாமன் தண்டபாணிதான் எல்லாத்தையும் முன்ன நின்னு பாக்கறார். போட்டோவுல பையன் கரு கருன்னு முடியோட லட்சணமா இருந்தான். ஞாயித்துக்கிழமை பொண்ணு பாக்க வர்றோம்னு சொல்லிட்டாங்க. இந்த இடத்தை விடக்கூடாதுன்னு முடிவு பண்ணிட்டேன்.

இனிமேதான் கார்பெட் வருது.

எங்க அபார்ட்மெண்ட்ல எதுத்த வீடு அந்தோணிசாமி சாரும் சகாயமேரி அம்மாவும். சார் இருபது வருஷம் மஸ்கட்ல இருந்துட்டு வந்தவர். வரும்போது கொண்டு வந்த சொத்துல முக்கியமானது ஒரு கார்பெட். கம்பளி. பால் நிறம். ஹாலுக்கு நடுவுல விரிச்சிருக்கும். அது மேல யாரும் கால் வைக்கக்கூடாது. அவங்க வீட்டுக்கு யார் போனாலும் செவுத்தை ஒட்டி நண்டு மாதிரி பக்கவாட்டுல நடந்து போய் சோபாவுல உக்காரணும். பங்குத்தந்தை வந்தாலும் அப்படித்தான். நாலு வருஷம் நானும் அப்படித்தான் நடந்தேன்.

அவங்க ரெண்டு பேரும் பத்து நாளைக்கு பெங்களூர்ல மகள் வீட்டுக்குப் போனாங்க. செடிக்குத் தண்ணி ஊத்தச் சொல்லி சாவியை எங்கிட்ட குடுத்துட்டுப் போனாங்க. அம்மா போகும்போதும் சொன்னாங்க, மாசிலாமணி சார், ஓரமா நடங்கன்னு. நான் ஒரு வார்த்தை குடுத்தா குடுத்ததுதான்னு அவங்களுக்குத் தெரியும்.

வியாழக்கிழமை காலையில செடிக்குத் தண்ணி ஊத்தப் போறேன்னு சொல்லிட்டு, டை பாக்கெட்டை லுங்கி மடிப்புல வச்சுக்கிட்டுப் போனேன். வேற கம்பெனி, மூலிகைன்னு போட்டிருந்துச்சு. மூலிகைக்குச் சத்தியம் பொருந்தாதுன்னு நான் எடுத்துக்கிட்டேன். அவங்க ஹால்ல ஆள் உசரத்துக்குக் கண்ணாடி. நிதானமா நின்னு அடிச்சேன். ஒரு முடி விடல. ரொட்டிக் கவரைத் தலையில மாட்டிக்கிட்டேன். முப்பது நிமிஷம் ஊறணும். வெளியில அனல். அவங்க ஏசியைப் போட்டேன். அரை மணி நேரம் நிக்கவா முடியும்? சோபாவுல உக்காந்தா கறை படும். உண்மையிலேயே சோபா கெட்டுடக்கூடாதேன்னுதான் தம்பி கார்பெட்ல உக்காந்தேன்.

நாலு வருஷம் தொடாத கார்பெட். உக்காந்ததும் ஒரு மாதிரி சுகமா இருந்துச்சு. கொஞ்சம் சாஞ்சேன். இடது பக்கமா ஒருக்களிச்சேன். அப்புறம் எனக்கு எதுவும் தெரியாது.

ஒரு மணி நேரம் கழிச்சு முழிச்சுப் பாத்தா ரொட்டிக் கவர் மூணடி தள்ளிக் கிடக்கு. கார்பெட்டுக்கு நட்ட நடுவுல என் தலை. சாயல் மாதிரின்னு சொல்லல, தலையேதான். அரை மண்டை, பிடரி, கீழ தெளிவா ஒரு காது. காது மடல்ல சின்னதா ஒரு வெட்டு இருக்கும் பாருங்க, இங்க, சின்ன வயசுல சைக்கிள்ல விழுந்தது. அது வரைக்கும் பதிஞ்சிருந்துச்சு. ஆதார் கார்டுல கூட என் மூஞ்சி அவ்வளவு தெளிவா இல்லை.

தலையை அலசிட்டு வந்து போனை எடுத்தேன். கார்பெட்ல டை கறைன்னு போட்டா நூறு வீடியோ வருது. ஒரு பொண்ணு எலுமிச்சம்பழத்தைப் பிழிஞ்சு ஒரே தேய், கறையைக் காணோம். அது அப்பத்தான் வச்ச கறைன்னு எனக்கெப்படித் தெரியும்? சகாயமேரி அம்மா பிரிட்ஜைத் திறந்து நாலு எலுமிச்சம்பழம் பிழிஞ்சேன். கறை லேசா ஊதா ஆச்சு. இன்னொருத்தன் வினிகர்ங்கிறான். ஊறுகாய்க்கு வச்சிருந்த பாட்டிலை எடுத்து முழுசா ஊத்தினேன். ஊதா நடுவுக்குப் போய் சுத்தி ஒரு பழுப்பு வட்டம் கட்டுச்சு, சாமி படத்துல தலைக்குப் பின்னாடி போடுவாங்களே, அது மாதிரி. பற்பசை போட்டேன். நுரை வந்துச்சு, பல் விளக்கின வாசனை வந்துச்சு, கறை அப்படியே இருந்துச்சு. கடைசியில என் சொந்த மூளையை உபயோகிச்சேன். புளி போட்டுத் தேய்ச்சா நூறு வருஷத்துச் செம்புக் குடமே பளபளங்குது, கார்பெட் எம்மாத்திரம்? ஒரு எலுமிச்சை அளவு புளியைக் கரைச்சு ஊத்தித் தேங்காய் நாரைப் போட்டுத் தேய் தேய்னு தேய்ச்சேன்.

அந்த நேரம் பாத்து காலிங் பெல்.

கதவைத் திறந்தா வெள்ளை வேட்டி, மஞ்சப் பை, ஒரு பெரிய மனுஷன். கையெடுத்துக் கும்பிட்டுட்டு, சத்தத்தைக் குறைச்சு, "ஏனுங்க, எதுத்த வீட்டு மாசிலாமணி சாரு குடும்பத்தைப் பத்தி ரெண்டு வார்த்தை விசாரிக்கலாமுங்களா? நானு பையனுக்குத் தாய்மாமனுங்க" அப்படின்னார்.

வழக்கம்தானே தம்பி. பொண்ணு எடுக்கறதுக்கு முன்னாடி அந்த வீட்டுக்குப் போகமாட்டாங்க, பக்கத்து வீட்டுல போய் விசாரிப்பாங்க. அப்படி விசாரிக்க வந்தவருக்குக் கதவைத் திறந்தது நானு. அவர் என்னைப் பாத்ததில்லை, ஜாதகத்தோட பொண்ணு போட்டோ மட்டும்தான் போயிருந்துச்சு. ஒரு நொடி யோசிச்சேன். நான்தான் மாசிலாமணின்னு சொன்னா, பூட்டின வீட்டுக்குள்ள லுங்கியை மடிச்சுக் கட்டிக்கிட்டுப் புளிக் கையோட என்ன பண்றேன்னு கேப்பார். சொல்லலைன்னா? என்னைப் பத்தி எங்கிட்டயே கேக்கறாங்க. இந்த வாய்ப்பு எந்தத் தகப்பனுக்குக் கிடைக்கும்?

உள்ள வாங்கன்னேன். பேரைக் கேட்டார். அந்தோணிசாமின்னேன். அவர் என் நெத்தியைப் பாத்தார். தலையை அலசினதும் பழக்க தோஷத்துல, மடியில எப்பவும் வச்சிருக்கற விபூதியை எடுத்துப் பட்டையா பூசியிருந்தேன். எனக்குப் பின்னாடி செவுத்துல வேளாங்கண்ணி மாதா. எம்மதமும் சம்மதம்ங்க நமக்குன்னு சொன்னேன். நல்ல குணமுங்கன்னு ரெண்டுக்கும் சேத்து ஒரு கும்பிடு போட்டார்.

அப்புறம் நான் மாசிலாமணியைப் பத்திப் பேசினேன் தம்பி. அப்படி ஒரு மனுஷனை நான் பாத்ததில்லைன்னேன். ஒழுக்கம்னா ஒழுக்கம், நேர்மைன்னா நேர்மைன்னேன். சம்சாரம் கொஞ்சம் வாய், ஆனா அவர் பொறுத்துப் போறார்னேன். ஒரு குடும்பத்தைப் பத்திச் சொன்னா முழுசும் நல்லதாவே சொல்லக்கூடாது, ஒரு குறையும் சொன்னாத்தான் நம்புவாங்க.

அவர் பொண்ணைப் பத்திக் கேட்டார். தமயந்தியைப் பத்திச் சொல்றதுக்குப் பொய் ஒண்ணும் தேவைப்படல. போன வருஷம் அவங்கப்பாவுக்குக் கண்ணுல புரை எடுத்தாங்க, ஒரு மாசம் மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை சொட்டு மருந்து விடணும், மத்தியான சொட்டுக்குக் கடையிலிருந்து வெயில்ல வந்து விட்டுட்டுப் போவா, ஒரு நாள் தவறலன்னு சொன்னேன். சொல்லும்போது குரல் உடைஞ்சிடுச்சு. எதுத்த வீட்டுக்காரனுக்கு என்ன இவ்வளவு அழுகைன்னு நினைச்சிருப்பார். ஆனா அவரும் துண்டால கண்ணைத் துடைச்சுக்கிட்டார்.

அப்புறம் மெதுவா கேட்டார், அந்த அப்பாவுக்கு ரொம்ப வயசாயிடுச்சுன்னு யாரோ சொன்னாங்களேன்னு. எனக்குச் சுருக்குன்னுச்சு. யாருங்க சொன்னது, அவருக்கு ஒரு முடி நரைக்கல, டைன்னா என்னன்னே தெரியாது, அவங்க பரம்பரையே அப்படின்னு அடிச்சுச் சொன்னேன். சொல்லிக்கிட்டிருக்கும்போதே என் காதுக்குப் பின்னாடியிருந்து ஒரு கறுப்புச் சொட்டு இறங்கி பனியன்ல விழுந்துச்சு.

அவர் பனியனைப் பாத்தார். கார்பெட்டைப் பாத்தார். மஸ்கட் டிசைனுங்கன்னேன். மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கிட்டுக் குனிஞ்சார். காது மாதிரி இருக்குதுங்களேன்னார். அப்புறம் சிரிச்சுட்டு, "நீங்க அடிப்பீங்களாட்டம் இருக்குது. இதுல என்னங்க வெக்கம்?" அப்படின்னு சொல்லி மஞ்சப் பையை ஓரமா வச்சுட்டு, வேட்டியை மடிச்சுக் கட்டி, என் பக்கத்துல உக்காந்து தேங்காய் நாரை வாங்கினார். நல்ல மனுஷன் தம்பி. அரை மணி நேரம் ரெண்டு பேரும் சேந்து என் தலையைத் தேய்ச்சோம்.

கூட உக்காந்து கறை தேய்ச்சா மனுஷனுக்கு மனசு திறந்துக்குது. அவர் சொன்னார், உங்ககிட்ட சொல்றதுக்கென்ன, எங்க பையனுக்கு முப்பத்திரண்டு வயசுலயே பாதித் தலை நரைச்சுப்போச்சு, போட்டோ எடுக்க மட்டும் நான்தான் வற்புறுத்தி டை அடிச்சு விட்டேன், பொண்ணு வீட்டுல மட்டும் சொல்லிடாதீங்கன்னு. நான் எதுக்குங்க சொல்றேன்னு மாதா படத்தைப் பாத்துச் சத்தியம் பண்ணேன்.

அவர் போனதும் எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். எப்பேர்ப்பட்ட ஆளுங்க தம்பி! நரையை மறைச்சு ஒரு பொண்ணு வீட்டை ஏமாத்தப் பாக்கறாங்க. தலையில சாயத்தைப் பூசிக்கிட்டு வந்து நிக்கலாம்னு நினைக்கிறவங்களை எப்படி நம்பறது? மனசு கொதிச்சுது. ஆனா வீட்டுல போய் எப்படிச் சொல்றது? யார் சொன்னாங்கன்னு செண்பகவல்லி கேப்பா. எதுத்த வீட்டு அந்தோணிசாமி சொன்னார்னா அவர் பெங்களூர்ல இருக்கார்.

வீட்டுக்குப் போனதும் செண்பகவல்லி என் தலையைப் பாத்தா. நேத்து வரைக்கும் வெள்ளையா இருந்துச்சேன்னா. கரிசலாங்கண்ணித் தைலம் மூணு மாசமா தேய்ச்சேனே, மூலிகை அப்படித்தான், சேந்தாப்புல ஒரே நாள்ல வேலை செய்யும்னேன். தலையாட்டிட்டு உள்ள போயிட்டா. நம்பிட்டா. மறுநாள் போய் அந்தக் கார்பெட்டைச் சுருட்டி அவங்க ஹால் மூலையில நிறுத்தினேன். சனிக்கிழமை அவங்க திரும்பி வந்ததும், எலி நடமாட்டமா இருந்துச்சு, அதான் சுருட்டி வச்சேன்னேன். சகாயமேரி அம்மா உருகிட்டாங்க. உங்களை மாதிரி யார் சார் பாத்துப்பாங்கன்னாங்க.

ஞாயித்துக்கிழமை. பட்டுக்கரை வேட்டி கட்டிக்கிட்டு வாசல்ல நிக்கறேன். படியேறி முதல் ஆளா தண்டபாணி வர்றார். என்னைப் பாத்ததும் மூஞ்சி மலர்ந்துச்சு. அட அந்தோணிசாமி சார், உங்களையும் கூப்பிட்டாங்களா, நல்லதாப் போச்சுன்னு கையைப் புடிச்சுக்கிட்டார். ஆமாங்க, வாங்கன்னேன். வேற என்ன சொல்றது? என் சொந்த வீட்டுக்குள்ள விருந்தாளியா நுழைஞ்சேன். செண்பகவல்லி கும்பிட்டுக்கிட்டு எதிர்ல வர்றா. இவர் என் காதுல, இவங்கதானுங்களா அந்த வாய்னு கேக்கறார். செண்பகவல்லிக்கு மிக்ஸி ஓடும்போதே அடுத்த தெருவுல பேசறது கேக்கும்.

பின்னால மாப்பிள்ளையோட அம்மா. அவங்களுக்குப் பின்னால மாப்பிள்ளை. டை அடிக்கமாட்டேன்னு மாமனோட சண்டை போட்டுட்டு வந்திருக்கான். பாதித் தலை வெள்ளி. நான் கரு கருன்னு நிக்கறேன். செண்பகவல்லி அவன்கிட்டயே போய், மாப்பிள்ளை கீழ வண்டி நிறுத்தறாரான்னு கேட்டுட்டா.

எல்லாரும் ஹால்ல நிக்கறோம். தண்டபாணி சுத்திப் பாத்துட்டு, பொண்ணோட அப்பா எங்கீங்கன்னார். செண்பகவல்லி என்னைப் பாத்தா. நான் மேல சுத்தற ஃபேனைப் பாத்தேன். அந்த நேரம் பாத்து சகாயமேரி அம்மா குரல். இருங்க இருங்க, யாரும் உக்காராதீங்க, நம்ம பொண்ணைப் பாக்க வந்தவங்களை வெறும் தரையிலயா நிக்க வைக்கறதுன்னுக்கிட்டே முன்னால வர்றாங்க. பின்னால அந்தோணிசாமி சார் தோள்ல கார்பெட். நாலு வருஷமா யார் காலும் படாத கார்பெட்டை எங்க தமயந்திக்காகக் கொண்டு வந்தாங்க தம்பி. அந்த மனசை நினைச்சா இப்பவும் கண்ணு கலங்குது.

"ஹால்ட்!" அப்படின்னு கத்தினேன். முப்பத்தஞ்சு வருஷப் பழக்கம். ஹால்ல இருந்த அத்தனை பேரும் விறைச்சு நின்னுட்டாங்க. கார்பெட் மட்டும் நிக்கல. உருண்டு உருண்டு விரிஞ்சு, சரியா மாப்பிள்ளை காலடியில போய் நின்னுச்சு. நடுவுல நான் படுத்திருக்கேன்.

மாதாவே, என் கார்பெட்ல யாரோ செத்துக் கிடந்திருக்காங்கன்னு சகாயமேரி அம்மா நெஞ்சைப் புடிச்சுக்கிட்டாங்க. தண்டபாணி எங்கிட்ட அனுதாபமா, அந்தோணிசாமி சார், இன்னும் போகலீங்களா அதுன்னார். நிஜ அந்தோணிசாமி சார், என்னையா கேக்கறீங்கன்னார். உங்களை யாருங்க கேட்டாங்க, நான் அந்தோணிசாமி சாரைத்தானுங்க கேக்கறேன்னு என்னைக் காட்டினார். நான்தாங்க அந்தோணிசாமின்னார் அவர். அப்ப இவரு யாருன்னார் தண்டபாணி.

செண்பகவல்லி கார்பெட்ல இருந்த காதைப் பாத்தா. என் காதைப் பாத்தா. நிதானமாச் சொன்னா, "இவர்தான் என் வீட்டுக்காரர். மாசிலாமணி. பொறுத்துப் போறவர்."

தண்டபாணியோட மூஞ்சி கொஞ்சம் கொஞ்சமா மாறுறது தெரிஞ்சுது. எட்டாவது இடமும் போச்சுன்னு தெரிஞ்சுபோச்சு. இந்தத் தடவை தரகரைக் கேக்கத் தேவையில்லை. என் கையாலயே, ஒரு பாக்கெட் டையால கெடுத்தேன்.

"அன்னிக்கு நான் சொன்னதெல்லாம் பொய்ங்க. பொண்ணைப் பத்திச் சொன்னது மட்டும் பொய் இல்லை" அப்படின்னேன்.

அப்ப சமையல்கட்டு வாசல்ல ஒரு சிரிப்புச் சத்தம். காபித் தட்டோட தமயந்தி நிக்கறா. ஏழு தடவை அந்தத் தட்டைத் தூக்கிட்டு வந்தவ, ஒரு தடவை கூட சிரிச்சதில்லை. தட்டுல டம்ளரெல்லாம் கிணுகிணுன்னு ஆடுது, அப்படிச் சிரிக்கறா. அப்பா, இடது பக்கம் ஒருக்களிச்சா தூங்கினீங்கன்னு கேக்கறா.

மாப்பிள்ளை எங்க பேச்சு எதையும் கவனிக்கல. மண்டி போட்டு உக்காந்து கறையிலேர்ந்து ஒரு நாரைப் பிச்சு மோந்து பாத்துக்கிட்டிருந்தான். சொல்ல விட்டுட்டேனே, அவன் கரூர்ல ஒரு சாயப்பட்டறையில மாஸ்டர். துணிக்கும் கம்பளிக்கும் சாயம் ஏத்தறதுதான் தொழில். எங்கிட்ட கேட்டான், எலுமிச்சம்பழம் போட்டீங்களான்னு. போட்டேன்னேன். வினிகர்? அதுவும் போட்டேன். புளி? டாக்டர் கேக்கற மாதிரி கேக்கறான். அதுவும்தான்னேன். அவன் என்னை ஒரு மாதிரி மரியாதையாப் பாத்தான்.

"கம்பளிக்குச் சாயம் ஏத்தினா அது போகாம நிக்கறதுக்கு நாங்க புளிப்புதானுங்க மாமா ஊத்துவோம். நீங்க மூணு தரம் ஊத்தியிருக்கீங்க. இது இனி இந்தக் கார்பெட் இருக்கற வரைக்கும் போகாதுங்க."

சகாயமேரி அம்மா அப்படியே கார்பெட் மேலயே உக்காந்துட்டாங்க. அவன் அவங்க பக்கம் திரும்பி, கறையை எடுக்க முடியாதுங்கம்மா, மிச்சத்தையும் அதே நிறத்துக்குக் கொண்டு வந்துடலாம், நான் கரூர் கொண்டு போய்ப் பண்ணித் தர்றேன்னான். தமயந்தி தட்டை வச்சுட்டு அவளும் அங்க மண்டி போட்டுக் குனிஞ்சு பாத்தா. உங்க தலைக்கு ஏன் அடிக்கலன்னு நேராக் கேட்டா. நாள் பூரா சாயத்துல கையை வச்சுட்டு வீட்டுக்கு வந்து தலையிலயுமாங்கன்னான் அவன். அவ திரும்பவும் சிரிச்சா. பொண்ணும் மாப்பிள்ளையும் தனியாப் பேசணுமான்னு கேக்கணும்னு வழக்கம். யாரும் கேக்கல. அவங்க ரெண்டு பேரும் என் தலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உக்காந்து பேசிக்கிட்டிருந்தாங்க.

தண்டபாணி மட்டும் ஒதுங்கி நின்னார். அப்புறம் செண்பகவல்லிகிட்ட போய், ஏனுங்கம்மா, அந்தப் பொண்ணு ஒரு மாசம் சொட்டு மருந்து விட்டது நெசமுங்களான்னு கேட்டார். நெசம்தாங்க, கடைசி நாள் காய்ச்சலோட வந்து விட்டான்னா இவ. எனக்கே அது தெரியாது தம்பி. அவர் துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு, அப்ப சரிங்க, காபியைக் குடுங்கன்னார்.

அவ்வளவுதான். முடிஞ்சுபோச்சு. வைகாசியில கல்யாணம், இன்னும் நாப்பத்தஞ்சு நாள் இருக்கு. நிச்சயதார்த்தத்துக்குச் சீர்த்தட்டோட சேத்து கார்பெட்டையும் கொண்டு வந்து குடுத்தாங்க. டிகாஷன் நிறம். பிரமாதமான வேலை. ஆனா சாயங்கால வெயில் பால்கனி வழியா விழுந்தா நடுவுல என் தலை லேசாத் தெரியும். சகாயமேரி அம்மா இப்ப கார்பெட்ல நடக்க எல்லாரையும் விடறாங்க, அந்த இடத்தைத் தவிர. அங்க மாசிலாமணி சார் படுத்திருக்கார், மிதிக்காதீங்கங்கிறாங்க.

பழனிக்கு ஏன் போறேன்னு கேக்கறீங்களா? கார்பெட் விரிஞ்ச அந்த நொடியில செண்பகவல்லி முருகனை வேண்டிக்கிட்டாளாம், இந்த இடம் மட்டும் அமைஞ்சிடட்டும், இவர் முடியை உனக்குக் குடுத்துடறேன்னு. வேண்டுதல் அவளோடது, முடி என்னோடது. எவ்வளவோ சொல்லிப் பாத்தேன், கல்யாண போட்டோவுக்கு மொட்டைத் தலையோட நிக்கறதா, கல்யாணம் முடிஞ்சு போடறேனேன்னு. முருகன்கிட்ட தவணை சொல்லாதீங்கன்னுட்டா.

தமயந்தியைப் போய் ரெகமண்ட் பண்ணச் சொன்னேன். உங்கம்மாகிட்ட சொல்லும்மா, ஏழாவது இடம் என் நரையாலதானே போச்சு, மொட்டையைப் பாத்தா நாலு பேர் என்ன சொல்லுவாங்கன்னு. அவ கையில இருந்த வேலையை வச்சுட்டு என்னைப் பாத்தா.

"அந்த இடம் உங்க நரையால போகலப்பா. அவங்க சரின்னுதான் சொன்னாங்க. எங்கப்பாவைக் கிழவன்னு சொன்ன வீட்டுக்கு நான் எதுக்குப் போகணும்? நான்தான் வேண்டாம்னுட்டேன்."

தரகருக்கும் தெரிஞ்சிருக்கு, இவளுக்கும் தெரிஞ்சிருக்கு. எனக்கு மட்டும் சொல்லல. ரெண்டு நாள் யாரோடயும் பேசல தம்பி நான். கோவம்னு நினைச்சாங்க. கோவம் இல்லை. பால்கனியில போய் நின்னுக்கிட்டு அழுதேன். முப்பது வயசு வரைக்கும் அந்தப் புள்ளை எனக்காக நின்னிருக்கா, நான் மூலிகை டை வாங்கி லுங்கியில மறைச்சுக்கிட்டு அலைஞ்சிருக்கேன்.

அதான் மொட்டைக்குச் சம்மதிச்சுட்டேன். முழு மனசோடதான் போறேன். அந்தா, மலை தெரியுது பாருங்க. செண்பகவல்லி எழுந்து நின்னுட்டா, நான் இறங்கற வரைக்கும் படியை விடமாட்டா.

தம்பி, ஒண்ணே ஒண்ணு. நாப்பத்தஞ்சு நாள்ல ஒரு விரக்கடையாவது வளந்துடும், இல்லையா? சீவற அளவுக்கு இருக்கும். சும்மா தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன், மெதுவாச் சொல்லுங்க, அவளுக்குக் காது கூர்மை. நீங்க போட்டிருக்கிறது என்ன கம்பெனி?